கசற்றில் சொன்ன தெரு

12 நவம்பர் 1986, புதன். மியூன்ஸ்டர், ஜேர்மனி
மழை. பஸ் தவறியது. கை முழுக்க வெடிப்பு, கிறீம் வாங்க வேண்டும். மகளுக்குக் கம்பளிக் காலுறை.

சப்பாத்துக்கடையில் இன்று சாமான் அறை கழுவும் வேலை. பெட்டிகளுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட பெரிய படம். ஒரு தெரு முழுக்கக் கற்குவியல். கூரை ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று முகப்புச் சுவர் மட்டும். ஒரு கணம் எங்கள் கடை இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியகடைத் தெரு என்றே நினைத்துவிட்டேன்.

இந்தத் தெருதானாம். கடைக்காரி ஹில்டே சொன்னார். இரண்டாம் உலகச் சண்டையில் விழுந்த குண்டு.

வந்த புதிதில் ஊரில் இருக்கும் இவருக்குக் குரல் பதிந்து அனுப்பிய கசற்றில் எவ்வளவு அளந்தேன்! "இஞ்ச ஒரு கடைத்தெரு, நூற்றுக்கணக்கான வருசமா ஒரு கல்லும் அசையேல்லை." முகப்பைப் பார்த்து ஏமாந்தது. திரும்பக் கட்டிய இந்தக் கட்டடங்களுக்கு என்னைவிடச் சில வயதுதான் கூட.

கால் உளைவு. சமைக்கவில்லை. பாணும் முட்டையும்.

14, வெள்ளி
குளிர். உதவிப்பண அலுவலகத்தில், சோசியலாம்டில், வரச்சொல்லி நேரம் தந்திருந்தார்கள். காத்திருந்ததுதான் மிச்சம், அடுத்த கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

பின்னேரம் பக்கத்தில் இருக்கும் மணியக்கா வந்தார். அவருடைய தம்பி ஊரிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறானாம். அவனிடம் இவர் கசற் கொடுத்துவிட்டிருக்கிறார். மகள் அப்பாவின் குரலைக் கேட்டதும் ரேடியோவோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஷெல் விழுந்து எங்கட கடைக் கூரை போயிட்டுது. சீலையெல்லாம் நனைஞ்சு போச்சு. புது ஓடு எடுத்திட்டன். கள்ளர் கொண்டு போயிடுவாங்கள் எண்டு இரவில கடையிலதான் படுக்கிறன். அங்க வரச்சொல்லிக் கேக்காதையும். நீர் சொன்ன தெரு மாதிரி எங்கட கடையும் நிக்கும், பாரும்."

என் வாயால் வந்த வினை. யாழ்ப்பாணக் கோட்டையில் ஆமி. அங்கிருந்து ஷெல் அடித்தால் முதலில் விழுவது பெரியகடையில். இந்த மனுசன் அதற்குள் பாய் விரித்துப் படுக்கிறார்.

மணியக்கா: "ஆம்பிளையளுக்குக் கடைதான் பெரிசு, பிள்ளை." தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார்.

15, சனி
மழை விட்டது. தரை துடைக்கும் மொப் அறுந்துவிட்டது, புதிது கேட்க வேண்டும்.

யார் இந்தக் கடையைத் திரும்பக் கட்டியது என்று ஹில்டேயிடம் கேட்டேன். எனக்கு விளங்கவேண்டும் என்று மெல்ல மெல்லச் சொன்னார். குண்டு வரும் நேரம் எல்லாரும் நிலவறைக்குள் ஓட, அவருடைய அப்பா மட்டும் வாளியில் தண்ணீரோடு கடையில் நின்றாராம், நெருப்புப் பிடித்தால் அணைக்க. அவரைக் கல்லுக்குக் கீழே இருந்து பிணமாகத்தான் எடுத்தார்களாம். பிறகு அம்மாவும் ஹில்டேயும் அதே கல்லில் ஒட்டியிருந்த காரையைத் தட்டித் தட்டி எடுத்து, முகப்பைப் பழையபடியே கட்டுவித்தார்களாம்.

"கடை அப்படியே திரும்பி வந்துவிட்டது," என்றார். பிறகு யாரோ சப்பாத்து அளவு கேட்க எழுந்து போய்விட்டார்.

கண்ணாடி துடைக்க மறந்து வந்துவிட்டேன்.

16, ஞாயிறு
வெயில், சூடு இல்லை. உடுப்புத் தோய்த்தது. வெங்காயம் முடிந்தது.

மகளை மணியக்கா வீட்டில் விட்டுவிட்டுக் கசற் பதிந்தேன். சொல்ல நினைத்தது எவ்வளவோ. வந்தது இவ்வளவுதான்:

"இஞ்சாருங்கோ, அந்தத் தெருவைப்பற்றி நான் சொன்னது பிழை. முழுக்க விழுந்து, திருப்பிக் கட்டினது. கடையைப் பிறகும் கட்டலாம். நீங்கள் அங்க படுக்காதேங்கோ. வாங்கோ."

அதோடு அழுதுவிட்டேன். அதுவும் பதிந்துவிட்டது. அழித்துத் திரும்பச் சொல்லப் பார்த்தேன். வேண்டாம். கேட்கட்டும்.