தேடலாம், தேட வேண்டும்

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

தையல் பிரித்தாகிவிட்டது என்று செவிலியர் தொலைபேசியில் சொன்னார். வலக் கண்ணில் வெளிச்சமாவது தெரிகிறதா?

திங்களன்று நீ சாட்சிக் கூண்டேறுகிறாய். மேல் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து, ஒவ்வொன்றின் தலையிலும் அதன் சாரத்தை இரண்டு வரியில் எழுதி அச்சுக்கு அனுப்புவதே இருபத்திரண்டு ஆண்டுகளாக உன் அண்ணனின் தொழில். அந்த உரிமையில் சொல்கிறேன். நீதிபதி உண்மையைத் தேடிப் புறப்படுபவர் அல்லர். இரு தரப்பும் மோதுவதை நடுவில் அமர்ந்து பார்ப்பவர். வழக்கின் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்ட உன் கணவர், தாம் அடிக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அடித்தார் என்பதை அரசு வழக்கறிஞரே ஐயத்துக்கு இடமின்றிக் காட்ட வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உன்னைக் குத்திக் கிளறுவார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். உனக்கு அது எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன்.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 12

அன்புள்ள அண்ணா,

அவரை விட்டுவிட்டார்கள்.

"மாடிப்படியில விழுந்தீங்க, அதானே?" என்று அவருடைய வக்கீல் ஏழு தடவை கேட்டார். ஏழாவது தடவை, "படிக்கட்டு எங்கயாவது கம்பியை எடுத்துக் கண்ணுல குத்துமா சார்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ சொன்னபடி கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னேன்.

பிறகு அந்த வக்கீல் ஒரு தடிப் புத்தகத்தைப் பிரித்து வாசித்தார்: 'ஒற்றைச் சாட்சியின் சொல்லுக்கு வேறு ஆதரவுச் சான்று தேட வேண்டும்.' நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்றதை நான் நம்புறேம்மா. ஆனா மேல் கோர்ட் சொன்னதை நான் மீற முடியாது." புத்தகத்தின் அட்டையில் உன் பெயர், அண்ணா. ஒற்றைக் கண்ணாலேயே படித்துவிட்டேன்.

வெளியே வரும்போது என் கணவர் என் காதருகே குனிந்து, "அடுத்த தடவை இன்னொரு கண்ணு" என்றார். பார்த்தவர்களுக்குக் கொஞ்சுவது போலத்தான் இருந்திருக்கும்.

உன் வாயாடி

மார்ச் 19

அன்புள்ள வாயாடிக்கு,

மூலத் தீர்ப்பை ஆவண அறையிலிருந்து எடுப்பித்துப் படித்தேன். அந்நீதிபதி எழுதியது 'தேடலாம்'. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அதன் சாரமாக நான் எழுதியது 'தேட வேண்டும்'. அவர் விருப்பத்துக்கு விட்டதை நான் கட்டாயம் ஆக்கிவிட்டேன். தீர்ப்பை முழுதும் படிக்க எவருக்கும் பொழுதில்லை, தலைக்குறிப்போடு நின்றுவிடுகிறார்கள்.

அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய இன்னும் காலம் உண்டு. அதற்குத் திருத்தம் அச்சாக வேண்டும். அச்சாகப் பதிப்புக் குழு ஒப்ப வேண்டும். குழு ஏப்ரல் ஏழாம் தேதி கூடுகிறது. முறை அதுவே. அதுவரை கதவைத் தாழிட்டுக்கொண்டு இரு.

அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணா,

இதைச் சிறையிலிருந்து என் வக்கீல் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

தாழிட்டுக்கொண்டுதான் இருந்தேன். கதவையே பெயர்த்துவிட்டார். சாமான் எடுப்பதாகச் சொல்லி மாமியாரையும் கூட்டிவந்திருந்தார். "நான் உன்னைத் தொடவே இல்லைன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. இப்ப தொடறேன் பாரு" என்று கழுத்தைப் பிடித்தார். விலக்கப் பார்த்தேன், என் இரண்டு விரல்கள் ஒடிந்தன. மற்றக் கையில் இஸ்திரிப்பெட்டி அகப்பட்டது. முதல் அடியிலேயே விழுந்துவிட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மேலே ஏறி உட்கார்ந்து இன்னும் மூன்று தடவை அடித்தேன். கடைசி அடியில் சத்தமே வரவில்லை, ஈரத்துணி மேல் விழுந்தது போல இருந்தது. வாசலில் மாமியார், "விழுந்துட்டான்டி, விடுடி, விட்டுடுடி" என்று கத்தினார். எனக்குக் கேட்டது. கேட்டும் அடித்தேன்.

கழுத்தைப் பிடித்தபோது அடித்தது தற்காப்பு, விழுந்த பிறகு அடித்தது கொலை என்கிறார் வக்கீல். எந்த அடி முன், எந்த அடி பின் என்று பிணப் பரிசோதனையில் தெரியாதாம். அதைச் சொல்ல மாமியார் ஒருவர்தான். ஒற்றைச் சாட்சி. உன் புத்தகத்தில் அந்த வார்த்தை அப்படியே இருந்தால் நான் வீட்டுக்கு வந்துவிடலாமாம்.

அண்ணா, ஏழாம் தேதி அந்தத் திருத்தத்தை எடுத்துக்கொண்டு போகாதே. என் வழக்கு முடியட்டும். எனக்காக நீ ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இரு. அது போதும்.

உன் வாயாடி

ஏப்ரல் 8

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைக் கிழித்தேன். சான்றை அழிப்பது குற்றம் என்று தெரிந்தே கிழித்தேன்.

நீ கேட்ட மற்றதை என்னால் செய்ய இயலவில்லை. என் தலைக்குறிப்பை மேற்கோள் காட்டிய வழக்குகளைத் தேடினேன். முப்பத்தொன்று. அனைத்தையும் படித்தேன். ஒருத்தியின் காதில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். ஒருத்திக்குப் பன்னிரண்டு வயது. முப்பத்தொன்றிலும் செய்தவர்களுக்கு விடுதலை. ஏறக்குறைய எல்லா நீதிபதிகளும், 'இவர் சொல்வதை நம்புகிறேன், ஆயினும்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்த 'ஆயினும்' நான் கொடுத்தது. இந்த மாதம் இன்னும் இரண்டு வழக்குகள் விசாரணைக்கு வருகின்றன.

நேற்று குழுவின் முன் பிழையை ஒப்புக்கொண்டேன். பதவியை விட்டு விலகினேன். திருத்தம் இன்று காலையே அச்சாகிவிட்டது. ஒரு படி இத்துடன் இருக்கிறது. கடும் ஆத்திரமூட்டல் என்னும் வாதம் கொலைக் குற்றத்தைக் குறைக்கும்; அதை உன் வழக்கறிஞரிடம் வற்புறுத்து.

மார்ச் பத்தொன்பதாம் தேதியே மூலத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு அரசு வழக்கறிஞரிடம் நான் நடந்து போயிருக்கலாம். மேல்முறையீட்டுக்கு மூலமே போதும். எந்த விதியும் என்னைத் தடுக்கவில்லை. குழு கூடட்டும் என்று நானாகத்தான் காத்திருந்தேன்.

விசாரணைக்கு வருவேன். முதல் வரிசையில் இருப்பேன்.

அண்ணன்

ஏப்ரல் 20

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் அனுப்பிய திருத்தம் கிடைக்கப்பெற்று, என் வழக்கறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. இம்முறை பிழை ஏதும் இல்லை என்று அவர் கூறினார்.

விசாரணை மே பதினான்காம் தேதி தொடங்குகிறது. தாங்கள் வர வேண்டியதில்லை. முதல் வரிசையில் மாமியார் அமர்ந்திருப்பார். அவர் தம் மகனுக்காக வருகிறார்.

இப்படிக்கு,
இவ்வழக்கின் எதிரி