குப்பை என்ற ஃபோல்டர்

அண்ணா,

"பள்ளிக்கூடமும் போகல, நாள் பூரா அப்படி என்னடி எழுதுற?" என்று ஒருமுறை கேட்டாயே. நான் எழுதிய அந்த நோட்டுகள் மழையில் ஊறிப்போவதற்கு முன்பே எல்லாவற்றையும் படமெடுத்து, நாம் எல்லோரும் பயன்படுத்தும் வீட்டு சர்வரில் ‘குப்பை’ என்ற ஃபோல்டரில் வைத்திருந்தேன். அந்தப் பெயரைப் பார்த்தால் யாரும் திறக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். நீயோ, டோரன்ட்டில் படம் இறக்க இடம் வேண்டுமென்று, திறந்துகூடப் பார்க்காமல் அழித்திருக்கிறாய்.

அந்த டிஸ்கில் மேற்கொண்டு எதுவும் இறங்காவிட்டால் அழிந்ததை மீட்கலாமாம். டிஸ்கைக் கழற்றிப் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துப்போகிறேன்.

சோறு மூடியிருக்கிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடாதே, என்னிடம் சாவி இல்லை.

பி.கு.: உன் படம் தொண்ணூறு சதவீதத்தில் நிற்கிறது. நிற்கட்டும்.

நீ குளித்துக்கொண்டிருக்கிறாய். வாயைத் திறந்தால் கத்திவிடுவேன். இதை எழுதி வைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.