நாலு சுரம் எங்கே போனது

1989 ஓகஸ்ட் 12, சனி

நாளைக்கு மருதனார்மடத்தில் சங்கீத அறிமுறைப் பரீட்சை. இம்முறையும் சித்தியடையாவிட்டால் பாட்டை விட்டுவிடச் சொல்லிவிட்டார் அப்பா. சுரங்களுக்குப் பெயர் பதினாறு, இடம் பன்னிரண்டுதான் என்று பாடமாக்கியிருந்தேன். மிச்சம் நாலும் எங்கே போயின என்பதுதான் விளங்கவில்லை. போன முறை பிழையாய்ப் போனதும் அந்தக் கேள்விதான்.

பின்னேரம் பக்கத்து வீட்டு ரஞ்சியிடம் போனேன். அவள் தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பவள். எங்கள் ராகங்கள் தெரியாது; அதனால் என் பாடக் கொப்பியை விரித்துக் காட்டினேன்.

"சதுச்ருதி ரிஷபத்தைப் பாடு" என்றாள். பாடினேன். தன் ஆர்மோனியத்தில் அதற்குப் பொருந்திய கட்டையை அமத்திப் பிடித்தாள்.

"இப்ப சுத்த காந்தாரம்."

பாடினேன். அவள் விரலை எடுக்கவேயில்லை. சத்தம் அப்படியே பொருந்தியது.

"ரெண்டும் ஒண்டுதானேடி. எங்கடை படிப்பிலையும் ஒரு கறுப்புக் கட்டைக்கு ரெண்டு பேர் இருக்கு."

"ஏன் ரெண்டு?"

"அதை நான் யோசிக்கேல்லை."

இருவரும் மாறி மாறிப் பாடிப் பார்த்தோம். முன்னால் வேறொரு ரிஷபம் நின்றால் அது காந்தாரம். பின்னால் வேறொரு காந்தாரம் வந்தால் அதுவே ரிஷபம். இன்னும் மூன்று இடங்களுக்கும் இப்படித்தான் இரண்டிரண்டு பெயர்; மிச்ச நாலும் அங்கேதான் இருந்தன.

நாளைக்கு எழுதிவிடுவேன். ஆனால் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் ஏன் இடம் மாறுவதில்லை? பரீட்சையில் அதைக் கேட்கமாட்டார்கள். ரஞ்சியிடம்தான் கேட்கவேண்டும்.