பதிலுக்கு நின்றவள்

உன் மகள் நேற்று ஒரு கட்டைப்பை நிறைய இசைத்தாள்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். "அம்மா சாமானை ஒதுக்குனோம் சித்தி. இது உங்களுக்குத்தான் புரியும்" என்றாள். பையைத் திறந்ததும் காய்ந்த வேப்பிலை வாசம் குப்பென்று அடித்தது. பூச்சி அரிக்காமலிருக்கத் தாளுக்குத் தாள் வேப்பிலை வைப்பாய். நீ போய் ஆறு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் நான்கு வருடம் நாம் பேசிக்கொள்ளவில்லை. அந்த வாசம் எனக்கு முதலில் கொண்டுவந்தது அழுகையை என்று சொன்னால் அது பொய். கோபம்தான் வந்தது.

நாசரேத்துப் பள்ளியில் ஒரே வயலினை மாற்றி மாற்றி வாசித்தவர்கள் நாம். பிறகு இரண்டு பேரும் தூத்துக்குடிக்கே வந்து சேர்ந்தோம். எனக்குக் கணக்கு டீச்சர் வேலை, உனக்குத் துறைமுகத்தில் கப்பல் கம்பெனி வேலை. சர்ச் பாடகர் குழுக்களில் வாசிக்கிறவர்களைப் பொறுக்கியெடுத்து, இருபத்திரண்டு பேரை வைத்து நீ ஒரு ஆர்கெஸ்ட்ரா தொடங்கினாய். உப்புக் காற்றில் தந்தியின் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும் ஊரில் உனக்கு எதற்கு இந்த வேலை என்று சிரித்தார்கள். "இறங்குனா ஏத்துவோம்" என்றாய். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் உன் பின்னால் வந்தேன்.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஊரில் நடக்கும் விழாவில் நமக்கு மூன்று மாலைக் கச்சேரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கான்செர்ட்டோ. ஒரு வயலின் முன்னால் நின்று பேசும், மற்ற எல்லாரும் பின்னாலிருந்து அதற்குப் பதில் சொல்வோம். முன்னால் நிற்கிறவர் சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ வரும் விருந்தினர். அவர் வருவது கச்சேரியை ஒட்டித்தான். அதுவரை பயிற்சியில் அவர் பாகத்தை வாசிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். 'பதிலுக்கு நிற்கிறது' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். மூன்று மாதம் முன்னால் நின்று வாசிப்பேன். விருந்தினர் வந்ததும் இரண்டாம் வரிசையில் என் நாற்காலிக்குத் திரும்பிவிடுவேன். "ஏளா, ஜவுளிக்கடைப் பொம்மைக்காவது நாள் பூரா சேலை உடம்புல இருக்கும்" என்பேன். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

அந்த வருடம் மக்ரூன் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாய். "கடைசி நாளுக்கு வெளியாளு வேண்டாம். நீயே நில்லு. நான் சொல்லுதேம்லா" என்றாய். எனக்கு ஐம்பத்தொரு வயது. சின்னப் பிள்ளை மாதிரி உன்னைக் கட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால், விடியற்காலையில் எழுந்து வாசித்தேன். நடுவே மெதுவாகப் போகும் பகுதியில், மெட்டு திரும்பி வருவதற்கு முன் ஒரே ஒரு சுரம் நீளமாக வரும். அதை விட எனக்கு மனசே வராது. எல்லாரையும் கையசைத்து நடத்துகிற நீ, நான் முடிக்கிறவரை கையைத் தூக்கியபடியே நிற்பாய். "அவசரப்படாதளா. நீ முடிக்காம நாங்க ஒருத்தரும் உள்ள வர மாட்டோம்" என்பாய். மூன்று மாதத்தில் இருபத்திரண்டு பேருக்கும் அந்த இடம் பழகிவிட்டது.

கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால் மண்டப வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். அதில் சென்னைக்காரர் ஒருவரின் படமும் பெயரும் இருந்தன. நான் தெரிந்துகொண்டது அந்த பேனரைப் பார்த்துத்தான். ஓடி வந்து உன்னிடம் கேட்டேன். விழாவை நடத்துகிறவர்களுக்குப் பேர் தெரிந்த ஆள் வேண்டுமாம். உனக்கு இது ஒரு மாதமாகத் தெரியுமாம். "சொன்னா நீ பயிற்சிக்கு வரமாட்டேன்னு பயந்துட்டேன்" என்றாய். அந்த ஒரு மாதமும் என் வாசிப்பைக் கேட்டுக்கொண்டு எப்படி உன்னால் தலையாட்ட முடிந்தது? நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பதை அதுவரை பேச்சில்தான் கேட்டிருந்தேன்.

ஆனாலும் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். குழுவை விட்டுப்போக மனம் வரவில்லை. விருந்தினர் வந்து சேரவே கச்சேரி நாள் மதியமாகிவிட்டது. முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் மட்டும் பார்த்தோம். செல்லோ வாசிக்கும் அண்ணாச்சி, "நடுப் பகுதி?" என்று கேட்டார். "அது மெதுவாத்தான போவுது, பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்று முடித்துவிட்டாய்.

மேடையில் அவர் அந்த நீளச் சுரத்தைத் தன் கணக்குக்குப் பிடித்தார், விட்டார், மேலே போனார். ஒருத்தரும் உள்ளே வரவில்லை. உன் கை அந்தரத்திலேயே நின்றது. அவர் தன்னந்தனியாக மூன்று வரி வாசித்தார். பிறகு பாதிப் பேர் நுழைந்தார்கள், பாதிப் பேர் நுழையவில்லை. அவர் வில்லைக் கீழே இறக்கிவிட்டார். மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். நீ மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாய். நீ பார்த்ததால் எல்லாரும் பார்த்தார்கள்.

திரைக்குப் பின்னால் எல்லார் காதிலும் விழும்படி நீ சொன்னாய்: "அவளுக்கு வயித்தெரிச்சல். வேணும்னே எல்லாரையும் பிடிச்சு நிறுத்திட்டா." நான் வயலினை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், அதன் பிறகு போகவே இல்லை. இதில் பெரிய கொடுமை ஒன்று இருக்கிறது. நீ சொன்னதை நானே பாதி நம்பினேன். வயிற்றெரிச்சல் இருந்தது உண்மைதானே. அறியாமல் மூச்சைப் பிடித்தேனோ, தலையை அசைத்தேனோ, என்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நின்றார்களோ என்று நான்கு வருடம் என்னையே கூண்டில் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று அந்த கான்செர்ட்டோவைப் பையிலிருந்து எடுத்துப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் உன் பென்சில் குறிப்புகள் அப்படியே இருக்கின்றன. நடுப் பகுதியில், அந்தச் சுரத்துக்கு மேலே மட்டும் ரப்பர் போட்டு அழுத்தி அழித்திருக்கிறாய். தாளே மெலிந்துபோயிருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பென்சில் பதிந்த தடம் தெரிந்தது. 'இவள் முடிக்கட்டும். பிறகு கை.' கீழே என் பெயரின் முதல் எழுத்து.

அன்றைக்கு உன் கையை நிறுத்தியது உன் சொந்த எழுத்து. அது உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பிறகு உட்கார்ந்து அழித்திருக்கிறாய்.

இன்று காலை செல்லோ அண்ணாச்சிக்கு போன் போட்டேன். போன மாதம் அவர்தான் கூப்பிட்டிருந்தார். "வார ஜனவரிக்குப் பதிலுக்கு நிக்க ஆளில்ல தங்கச்சி. பழச மறந்துட்டு வந்துரும்மா" என்று கேட்டிருந்தார். "வாரேன் அண்ணாச்சி. அதுக்கு முன்னால எல்லாருக்கும் ஒரு தாளக் காட்டணும்" என்றேன். என்ன தாள் என்று கேட்டார். நேரில் சொல்லுகிறேன் என்றேன். காட்டத்தான் போகிறேன். செத்தவளைப் பற்றிப் பேசலாமா என்பார்கள். உயிரோடிருக்கிறவளைப் பற்றி அவர்கள் நான்கு வருடம் பேசினார்களே.

மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெரு. ரப்பரைத் தேடி எடுத்த நேரத்துக்கு நீ நடந்து வந்திருக்கலாம். வாசலில் நின்று, "ஏளா, தப்பு எம்மேலதான்" என்று சொல்லியிருந்தால் போதும். வாய் நிறையத் திட்டிவிட்டு, உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டிருப்பேன். அந்த நான்கு வருடமும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பார்த்தேன். இப்போதும் கேட்டால் எழுந்துவிடுகிறேன்.