கைக்குத் தெரியாமல் ஒடிந்தது

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே பெரிய லாரி ஒன்று வந்து நின்றது. பின் அச்சில் இடது பக்கம் ஆயில் கசிவு; சக்கரத்துக்கு எண்ணெய்க் குளியல். அச்சுத் தண்டை உருவினால்தான் எண்ணெயைத் தடுக்கும் சீலை மாற்ற முடியும். தண்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் சொன்ன பேச்சைக் கேட்டுக் கழன்றன, ஒன்றைத் தவிர. அது துருவேறி, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்போடு ஒன்றாகிக் கிடக்கிறது. எண்ணெய் விட்டு ஊறப்போட்டிருக்கிறோம்.

சகலை, அதாவது என் மனைவியின் அக்கா புருஷன், பட்டறையில் பாதிப் பங்கு. "நாளைக்கும் வரலைன்னா சூடு காட்டி எடுக்கலாம்" என்றார். எதையும் அளந்துதான் செய்வார். இறுக்கம் எவ்வளவு என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஒரு நட்டைக்கூட முடுக்க மாட்டார். நான் அவருக்கு வைத்த பெயர் தராசு.

மார்ச் 4

ஒடிந்துவிட்டது.

மார்ச் 5

நேற்று எழுதப் பிடிக்கவில்லை.

சூடெல்லாம் எதற்கு என்று, ஸ்பேனர் கைப்பிடியில் நீளப் பைப்பைச் செருகி இழுத்தேன். கழலப்போகிற போல்ட் வேறு, ஒடியப்போகிற போல்ட் வேறு. ஒடியப்போகிறது முதலில் பிசைந்த மாவு மாதிரி இளகும். கை தானாக நின்றுவிடும். இத்தனை வருஷமாக என் கை நின்றிருக்கிறது. நேற்று நிற்கவில்லை. டக்கென்று சத்தம் கேட்டுத்தான் குனிந்து பார்த்தேன். போல்ட் தலை தனியாகக் கீழே கிடந்தது.

"எந்தக் காலத்து போல்ட்டோ, ஒடியத்தான் செய்யும்" என்றார் சகலை. என்னைச் சமாதானப்படுத்துகிறாராம். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை.

மார்ச் 6

சட்டைப் பையில் கையை விட்டேன். சாவியா, சில்லறையா? வெளியே எடுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. இது எப்போதிலிருந்து? முதலில் குளிர் என்று நினைத்தேன். அப்புறம் வயசு என்று நினைத்தேன். அதோடு விட்டுவிட்டேன்.

மார்ச் 7

சாவி விஷயத்தைச் சொன்னதும் மனைவி விடாப்பிடியாக டாக்டரிடம் இழுத்துப்போனாள். டாக்டரம்மா ஊசியால் விரல் நுனியைத் தொட்டு, "தெரியுதா?" என்றார். தெரியுது என்றேன். "கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க" என்றார். மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

"எப்பம்மா குத்துவீங்க?"

"குத்தி முடிச்சாச்சு."

நட்டுக் கழற்றும் ஏர் கன்னை வருஷக்கணக்கில் பிடித்து, அந்த அதிர்விலேயே நரம்பு போயிருக்கிறது. இன்னும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாமாம்; போனது திரும்பாதாம். திரும்பி வரும்போது வழியெல்லாம் மனைவி என் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதையும் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மார்ச் 8, சனி

கழற்றுவது கிடக்கட்டும். முடுக்கினது?

போன மாதம் பள்ளிக்கூட வேன் ஒன்றுக்குப் பின்சக்கர வேலை. முடுக்கியது நான். டார்க் ரெஞ்ச் வைக்கவில்லை. என்றைக்கு வைத்தேன்? கை போதும் என்பேன். அந்தக் கைதான் இது.

பயம் வரவேண்டும். ஒன்றுமே இல்லை. யாருடைய வீட்டு விஷயமோ போல உட்கார்ந்திருந்தேன். சகலையிடம் சொன்னேன்.

"இப்பப் போய் என்னன்னு சொல்றது? பட்டறைப் பேரே போயிடும். அடுத்த தடவை வண்டி வரும்போது சத்தமில்லாம பார்த்துடலாம் சகல."

"பிள்ளைங்க போற வண்டி" என்றேன்.

நானே வேன்காரருக்கு போன் செய்தேன். என் கை சரியில்லை, நான் முடுக்கினதில் எனக்கே நம்பிக்கை இல்லை, வண்டியை எடுக்காதீங்க, நாங்க வர்றோம் என்றேன். அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். முழுவதையும் கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 9

வேன் நிற்கும் இடத்துக்கே போனோம். சகலை ஒவ்வொரு நட்டாக ரெஞ்ச் வைத்துப் பார்த்தார். பெரும்பாலும் சரியாக இருந்தன. ஒரே சக்கரத்தில் இரண்டு மட்டும் தளர்ந்திருந்தன; அவர் கைக்கு இன்னும் அரைச் சுற்று போயின.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கிண்டலும் பண்ணவில்லை. பண்ணித் தொலைத்திருக்கலாம்.

மார்ச் 10

இன்றைக்குப் பயமாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது. வேன் ஓடும் சத்தம் தெருவில் கேட்டாலே உள்ளே போய்விடுகிறேன்.

மார்ச் 11

லாரியில் ஒடிந்து நின்ற துண்டு வந்துவிட்டது. சகலை அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்தார். முதல் நட்டு பிய்த்துக்கொண்டு போனது. மறுபடி அடித்து, ஆற விட்டு, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று தாலாட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"யோவ், இழுங்களேன்யா!"

"நீங்க இழுத்த லட்சணம்தான் இங்க நிக்குது" என்றார்.

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். துண்டு, சுற்றிச் சுற்றி, முழுசாக வெளியே வந்தது.

மார்ச் 13

லாரி கிளம்பியது. போல்ட்டுகள் அத்தனையும் சகலை முடுக்கினார். நான் விளக்குப் பிடித்தேன்.

ஏறப்போன லாரி டிரைவர் இறங்கி நேராக என்னிடம் வந்தார். "அண்ணே, நீங்கதானே முடுக்குனீங்க?" ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"இல்லப்பா. அவர்தான். இனிமே அவர்தான்."

டிரைவர் என்னைப் பார்த்தார், சகலையைப் பார்த்தார். சரிண்ணே என்று ஏறிப் போய்விட்டார்.

மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். குழாயடிக்குப் போய் சோப்பை எடுத்து, முழங்கை வரைக்கும் வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கையில் கிரீஸே இல்லை.