சம்பந்தியின் பேரைக் காதில் சொன்ன நாள்

என் பிரியமுள்ள கிள்ளான் சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அழுவதற்காக இதை எழுதவில்லை, நல்ல சேதி இருக்கிறது. மூன்று பையன்களுக்குப் பிறகு உங்கள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நல்ல கறுப்பு, நல்ல குரல். அழுதால் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் கடைசி வீடு வரைக்கும் கேட்கிறது.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஞாபகம் நன்றாக வரும், அது உங்களுக்கே தெரியும். என் மகனுக்கு உங்கள் மகளைக் கட்டிய மறு வாரம் எங்கள் வீட்டில் சம்பந்தி விருந்து. ஆட்டுக்கறியை ஒரு வாய் வைத்துவிட்டு, பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்க, "உப்பு இன்னும் கப்பல்லதான் வந்துக்கிட்டு இருக்கு போல" என்றீர்கள். என் தம்பிகூடச் சிரித்தான். அன்று நீங்கள் கட்டியிருந்தது அரக்குச் சேலை. அதற்கப்புறம் பத்து வருஷம் நான் உங்களுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நீங்கள் விட்டீர்களா? மாதம் ஒரு தடவை கருவாட்டு மூட்டையோடு கிள்ளான் ரயிலில் வந்து இறங்குவீர்கள். நான் அடுப்பைப் பார்த்தபடி நிற்பேன். என் முதுகுக்கே ஊர்க்கதை எல்லாம் சொல்லிவிட்டுப் போவீர்கள். என் மகன் மலேரியாவில் கிடந்தபோது பதினோரு நாள் ஈரத்துணி மாற்றியது நீங்கள்தான். அதையும் நான் மறக்கவில்லை. சொல்லத்தான் இல்லை. மனுஷர் புத்தி ஏன் இப்படி? ஒருவர் செய்த நல்லதைச் சொல்ல, அவர் போய்ச் சேரும்வரை ஏன் காத்திருக்கிறோம்?

முதல் பேத்திக்கு அப்பனைப் பெற்றவள் பேர்தான் வைக்க வேண்டும். அது என் உரிமை. பதினாறாம் நாள் தொட்டில் கட்டி எல்லாரும் கூடிவிட்ட பிறகு, உங்கள் மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அத்தே, எங்கம்மா பேரு வைக்கணும்னு ஆசையா இருக்கு. நீங்க வேணாம்னா விட்டுடறேன்."

வீடே என் வாயைப் பார்த்தது. உங்கள் காரியம் முடிந்த மறுநாளே அடுப்படிக்கு வந்துவிட்டவள் அவள். இந்த வீட்டுக்குள் ஒரு நாளும் உங்களை நினைத்து வாய்விட்டு அழுததில்லை. எனக்குப் பயந்துதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

"என் பேரை வச்சுட்டு நீ புள்ளைய எப்படிடி திட்டுவே? மாமியார் பேரு வாயில வருமா? உங்கம்மா பேரையே வை" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே, ஒரு வருஷ அழுகையை என் தோளில் கொட்டினாள்.

காதில் பேர் சொல்ல வேண்டியவளும் நான்தான். உயிரோடு இருந்தபோது உங்களை "வாங்க" என்றுகூடச் சொல்லாதவள், குனிந்து "அஞ்சலை" என்று மூன்று தடவை சொன்னேன். முதல் தடவை நாக்கு இடறியது. மூன்றாவது தடவை இனித்தது. சாவு என்றால் என்னவென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, சம்பந்தியம்மா. போய்விட்டவரை ஒரு நாளைக்கு நாற்பது தடவை கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேனே? பக்கத்து வீட்டு மலாய்க்காரியும் உங்கள் பேரைச் சொல்லித்தான் கொஞ்சுகிறாள்.

ஒரு வாக்குத் தருகிறேன். இனி அந்தப் பேர் என் வாயிலிருந்து கோபமாக வராது. பிள்ளை குறும்பு செய்தால் விடமாட்டேன், ஆனால் அப்போது மட்டும் என் பேரைச் சொல்லித் திட்டிக்கொள்கிறேன்.

உங்கள் மகளுக்கு மாமியாரும்,
நம் அஞ்சலைக்கு அப்பாயியுமான
முனியம்மா