டி டிரைவ் இல்லாத லேப்டாப்

அன்பு மகள் காயத்ரிக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், படுத்தால் காலையில் எழுந்துவிடுகிறோம். நலம் என்ற சொல்லுக்கு இந்த வருஷம் அவ்வளவுதான் பொருள். நீயும் மாப்பிள்ளையும் கனடா குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னால் அம்மா வாங்கி அழுவாள், அங்கே நீ அழுவாய், விஷயம் நடுவிலேயே நின்றுவிடும், அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

உன் தம்பி அன்புசெல்வன் மாட்டிக்கொண்டு இறந்த பிரஸ் மெஷினில் பாதுகாப்புக் கதவு இருந்தது, அவனே கழற்றிவிட்டான் என்று கும்மிடிப்பூண்டி கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. இறந்தவன் மறுத்துப் பேசமாட்டான் என்பது அவர்களுக்கு வசதி. கதவில்லாத மெஷினை அவன் வீடியோ எடுத்து லேப்டாப்பில் வைத்திருந்தான் என்று கூட வேலை செய்த சின்னராசு சொன்னான். திங்கட்கிழமை விசாரணை. லேப்டாப்பைத் திறந்தால் சி டிரைவும் இல்லை, டி டிரைவும் இல்லை. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். கல்யாண வீடியோ, பட்டா, ஜாதகம் எல்லாம் டி-யில் இருக்கும், சி டிரைவைக் கடைக்காரன் அழிப்பதற்கென்றே நேர்ந்துவிட்டிருக்கிறோம். பொன்னேரியில் மோகன்ராஜ் கடைக்கு எடுத்துப் போனேன், அவனும் டி-யைத்தான் தேடினான். "டி-யே இல்லயே நைனா, உள்ள ஒண்ணியும் காணோம், விண்டோஸ் போட்டு வைக்கிறேன், சாய்ந்தரமா வா" என்றான். நானும் தலையாட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டேன். அங்கே நின்றிருந்த அம்மாதான், "புள்ள கடைசியா தொட்ட பொருள இன்னாத்துக்கு வுட்டுட்டு வர்றீங்க" என்று திரும்ப இழுத்துப் போனாள். அழிக்கவா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா மூடியைச் சாத்திவிட்டாள்.

பிறகுதான் நீ எழுதி அனுப்பினாய், இது விண்டோஸ் இல்லை, லினக்ஸ், இதில் சி, டி என்ற எழுத்துகள் கிடையாது, எல்லாம் ஒரே ஒரு சாய்கோட்டின் கீழ் இருக்கும், இன்னொரு டிஸ்க் இருந்தாலும் நாம் போய்த் தட்டும்வரை தலை காட்டாது என்று. அரசாங்க அலுவலகம் போல என்று எடுத்துக்கொண்டேன், உடனே விளங்கிவிட்டது. ஃபைல்ஸைத் திறந்து, இடப்பக்கம் அடியில் இருந்த அதர் லொகேஷன்ஸைத் தட்டினேன். பெயரில்லாமல் அளவு மட்டும் போட்ட ஒரு டிஸ்க் இருந்தது, தட்டியதும் திறந்தது, வீடியோ உள்ளே இருந்தது.

கதவு இல்லை. மெஷின் ஓடுகிறது. "கதவு வந்தா மாட்டிக்கலாம்பா, லோடு நிக்குது, ஓட்டு" என்கிறார் சூப்பர்வைசர். "சரிண்ணா" என்கிறான் உன் தம்பி. அதோடு முடிகிறது. முதல் பாதி நமக்குச் சாதகம், அந்தச் சரி அவர்களுக்கு என்றார் நம் வக்கீல் இளமதி. கடைசியை வெட்டிவிடலாமா என்று கேட்டேன், வெட்டினால் மொத்தமும் செல்லாது என்றார். முழுசாகத்தான் கொடுக்கப்போகிறேன். பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து, நீ சொன்னபடி எஜெக்ட் கொடுத்த பிறகே பிடுங்கினேன். லேப்டாப்பையும் விசாரணை அன்றைக்கே ஒப்படைக்க வேண்டுமாம்.

அம்மாவுக்குச் சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் காட்டினேன், அதில் அவன் குரல் இருப்பது அவளுக்குத் தெரியாது. விசாரணை முடியட்டும், நானே கேட்க வைக்கிறேன், அதுவரை போனில் வாய் தவறிச் சொல்லிவிடாதே. உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுள் கிடைக்கட்டும், வேறெதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. வீடியோ ஓடியபோது அம்மா அந்த மெஷினையே கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "புள்ள எங்க?" என்று கேட்டாள். எடுத்தவன் படத்தில் இருக்கமாட்டான் என்று சொன்னேன்.

இப்படிக்கு,
அப்பா வீரராகவன்